அண்ணன் ஓடிய மைல்

அண்ணனை அடையாற்று டாக்டரம்மா வீட்டுக்கு முதல்முறை அழைத்துப்போனது நான்தான். அண்ணி தவறிப்போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. மேற்கு மாம்பலத்து வீட்டில் அவன் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்வான். மதியம் சாப்பிட எழுந்திருப்பான். பிறகு மறுபடி நாற்காலி. பட்டாளத்தில் பதினேழு வருடம் லாரி ஓட்டியவன். வெளியே வந்தபின் தி. நகரில் ஒரு நகைக்கடை வாசலில் காவலுக்கு நின்றவன். சும்மா உட்கார்ந்து அவனுக்குப் பழக்கமில்லை. அவன் மகள் பெங்களூரிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"சித்தப்பா, அப்பாவ எங்கயாச்சும் கூட்டிக்கினு போயேன். நான் பேசனா உம், சரி, அவ்ளோதான். வேற வார்த்தையே வர்ல."

எங்கே கூட்டிப்போவது என்று யோசித்தேன். கோயிலுக்கு வரமாட்டான். கடற்கரையில் நடக்கலாம் என்றால் முழங்கால் வலி என்பான். எனக்கென்று இருந்த போக்கிடமும் ஒன்றே ஒன்றுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர் கூடி ரயில் விடுவோம்.

இதை வெளியில் சொன்னால் பெரும்பாலும் சிரிப்பார்கள். பேரனுக்கு வாங்கியதா என்பார்கள். நாங்கள் விடுவது வீட்டுக்குள் மேஜைமேல் ஓடும் ரயில் அல்ல, தோட்டத்தில் மண்ணிலேயே பாதை போட்டு ஓட்டுவது. தண்டவாளத்தின் அகலம் நான்கு விரல்கூட வராது; என்ஜின் ஒரு ரொட்டி நீளம் இருக்கும். வெயிலில் தண்டவாளம் நீளும் என்பதால் மூட்டுக்கு மூட்டு இடைவெளி விடவேண்டும். மழை வந்தால் ஜல்லி அடித்துக்கொண்டு போகும். எறும்பு மோட்டாருக்குள் கூடு வைக்கும். ஒருமுறை கொடி பிடித்து நிற்கும் என் ரயில் கார்டு பொம்மையைக் காக்கை தூக்கிக்கொண்டு போனது. இதையெல்லாம் சமாளிப்பதுதான் பொழுதுபோக்கே. ரயில் ஓடுவது அதில் கொஞ்ச நேரம்.

எங்களில் பெரிய பாதை டாக்டரம்மாவுடையது. குழந்தைகள் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் பிறந்து, கல்யாணமாகி அடையாற்றுக்கு வந்து, அந்தத் தெருவில் மற்ற வீடுகளெல்லாம் அடுக்குமாடியாகிவிட்ட பிறகும் தோட்டத்தோடு தனி வீட்டில் இருப்பவர். மாமரத்தைச் சுற்றி, கிணற்றுக்குப் பின்னால் புகுந்து, துணி துவைக்கும் கல்லை ஒட்டி வளைந்து வருகிறது அவர் பாதை. இரண்டாமவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். எங்களுக்கு அவர் சுபேதார் சார். பெசன்ட் நகரில் தரைத்தள வீடு. காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நேர்கோட்டில் போய் நேர்கோட்டில் திரும்பும் பாதை. கடல்காற்றில் அவர் பித்தளைத் தண்டவாளம் வாரத்துக்கு ஒருமுறை பச்சை பூக்கும். அவரே உட்கார்ந்து தேய்ப்பார். மூன்றாமவர் தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற திருநெல்வேலிக்காரர். அவருக்குப் பாதை கிடையாது. என்ஜின்கள் மட்டும் ஏழு வைத்திருக்கிறார். எங்கள் பாதைகளில் கொண்டுவந்து ஓட்டுவார். நான்காவது நான். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக முடித்தவன். மயிலாப்பூரில் மொட்டை மாடியில், தொட்டிச் செடிகளுக்கு நடுவே என் பாதை. எல்லாருக்கும் பெட்டிகள் செய்து தருவதும் நான்தான். தகரம், பிவிசி, பழைய சைக்கிள் கம்பி.

அண்ணன் வந்த அன்று பாத்திரக்கடைக்காரர் வரவில்லை. ஆடித் தள்ளுபடி; கடையை விட்டு நகரமுடியாது. டாக்டரம்மா, சுபேதார், நான், அண்ணன் என்று நான்கு பேர்தான். சுபேதார் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றை அன்று நான் செய்து எடுத்துப்போயிருந்தேன். பட்டாள வண்டி. பக்கச்சுவர் இல்லாத ஆறு தட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பச்சை லாரி பொம்மை, நூல்கயிற்றால் கட்டியது. மாமரத்தடியில் அதைத் தண்டவாளத்தில் வைத்தேன். டாக்டரம்மா ரிமோட்டை அழுத்த, அது மெதுவாக நகர்ந்து கிணற்றைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது.

அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காபியைப் பிடித்துக்கொண்டிருந்தான். வந்து அரைமணி நேரமாக அவன் சொன்னது வணக்கம் என்ற ஒரு சொல்தான். வண்டி அவன் காலருகே வந்ததும் குனிந்து பார்த்தான்.

"இன்னாடா கட்டிக்கீற?" என்றான்.

"ஏன், இன்னாச்சு?"

"ஒத்தக் கயித்துல கட்டனா மொத பிரேக்குலயே லாரி எறங்கிப் பூடும். நாலு மூலையிலயும் சங்கிலி. முன்னாடி ரெண்டும் குறுக்கால, பின்னாடி ரெண்டும் குறுக்கால. சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை. கியர்ல வுட்டு ஹேண்ட்பிரேக்கு போடணும்."

சுபேதார் அவன் பக்கம் திரும்பினார். "எந்த ரெஜிமென்ட்டு?"

அண்ணன் சொன்னான். பிறகு இருவரும் ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரே ஊரில் ஒரே வருடம் இருந்ததில்லை. ஆனால் இரண்டு மூன்று ஊர்களில் ஒருவர் போன பிறகு மற்றவர் வந்திருக்கிறார். அண்ணன் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். முழங்கால் வலி பற்றி நினைவில்லை போல. டாக்டரம்மா உள்ளே போய்த் தையல் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய செயின் கொண்டுவந்தார். சுபேதார் வெட்டிக்கொடுக்க, அண்ணன் ஆறு லாரிகளையும் அவிழ்த்து மறுபடி கட்டினான்.

கட்டி முடித்த பிறகுதான் பட்டாளத்தில் சேர்ந்த கதை வந்தது. சுபேதார் ஆரம்பித்தார். ஆள் எடுக்கப் போனபோது அவருக்கு உயரம் கால் அங்குலம் குறைவு. கூடப் போன சிநேகிதன் காலையில் மைதானத்து வேலிக்குப் பின்னால் அவரை உட்காரவைத்து, உச்சந்தலையில் தோசைத் திருப்பியால் அடித்திருக்கிறான், வீங்கட்டும் என்று. அளக்கிற ஹவில்தார் கட்டையை இறக்கியதும் இவர் அலறிவிட்டார். ஹவில்தார் தலையைத் தடவிப்பார்த்து, சிரித்து, போ போ என்று எழுதிக்கொண்டாராம்.

"அந்த வீக்கத்துக்கு ஐஸாவது வெச்சேளா?" என்றார் டாக்டரம்மா.

"ஐஸ் வெச்சா கொறஞ்சிடுமேம்மா. சாயங்காலம் வரைக்கும் வேணுமே."

சிரித்து ஓய்ந்ததும் அண்ணன் சொன்னான், "என்து ஓட்டம்."

ஒரு மைல் ஓட்டம். எனக்கு உடனே முதுகு நிமிர்ந்தது. அண்ணன் மண்ணில் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான். மைதானம் சின்னது, அதனால் ஐந்து சுற்று. முந்நூறு பேர் இருப்பார்கள், கூட்டம் கூட்டமாக விடுகிறார்கள். அவன் கூட்டத்தில் எல்லாரும் வெளியூர்ப் பையன்கள், வயலில் வேலை செய்து இறுகிய கால்கள். இவன் போட்டிருந்தது இரவல் கேன்வாஸ் ஷூ. தண்ணீர்த்தொட்டிப் பக்கம் வளைவில் தரை நன்றாக இல்லை. சரளையும் உருகின தாரும். முன்னால் ஓடிய ஒருவன் வாந்தி எடுத்து விழுந்தான். இவன் தாண்டிக் குதித்தான்.

"நாலாவது சுத்துல ஷூவோட அடி பிஞ்சிக்கினு தொங்குது. ஒதறிட்டு ஓடறேன்—"

"மூணாவது," என்றேன்.

நினைத்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அண்ணன் ஒரு கணம் நிறுத்தினான். "ஆங், மூணாவது," என்று தொடர்ந்தான். "ரெண்டு ஷூவையும் ஒதறிட்டு வெறுங்கால்ல ஓடறேன். கோட்டத் தாண்டனதும் ஒரு ஹவில்தாரு, இம்மாம் பெரிய மீசை, சட்டக் காலரைப் புடிச்சி நிறுத்தி, 'ஷாபாஷ்! ஜூத்தா கஹாங் ஹை?'ன்றான். எனக்கு அப்போ இந்தி தெரியாது. திட்றான்னு நெனச்சிக்கினு கைகட்டி நிக்கறேன். ஒரு வருசம் கழிச்சித்தான் புரிஞ்சுது. சபாஷுடா, ஷூ எங்கடான்னு கேட்டுக்கீறான்."

டாக்டரம்மா கை தட்டினார்.

அந்த மைல் ஓடியது நான்.

எனக்குப் பதினேழு வயது, அவனுக்குப் பத்தொன்பது. மந்தைவெளிப் பக்கம் இரண்டு அறை வீடு. அவன் ஆறு மாதமாகப் பட்டாளம் பட்டாளம் என்று விடிகாலையில் எழுந்து ஓடிக்கொண்டிருந்தான். ஆள் எடுக்கிற அன்று காலையில் காய்ச்சல். எழுந்து நின்றால் தடுமாறினான். பள்ளி ஓட்டப்பந்தயங்களில் ஓடுகிறவன் நான். அம்மாவுக்குத் தெரியாமல் அவனுடைய காகிதங்களை எடுத்துக்கொண்டு போனேன். அப்போதெல்லாம் அதில் படம் கிடையாது. ஓடி முடித்தவர்கள் கையில் பெயர் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து உடம்பு அளக்க வரச்சொன்னார்கள். அட்டையைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கி அவன் போனான். மற்றதெல்லாம் அவனே தேறினான். ஓட்டத்தில் நடந்தது முழுவதையும் அன்று அவன் பாயருகே உட்கார்ந்து நான் சொல்லியிருந்தேன், யாராவது கேட்டால் சொல்லவேண்டுமே என்று. மீசைக்காரர் என்னிடம் சொன்ன சொற்களைக்கூட, பொருள் தெரியாமல், காதில் விழுந்தபடியே ஒப்பித்தேன்.

அதற்குப் பொருள் இன்னதென்று அன்று, டாக்டரம்மா தோட்டத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

கோபம் வந்ததா என்றால், வரவில்லை. அவன் பொய் சொல்லுகிற முகமாகவும் இல்லை. சின்ன வயதிலிருந்து அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். அன்று சிவக்கவில்லை. அவன் அந்த வளைவைக் கண்ணெதிரே பார்ப்பவன்போலப் பேசினான்.

கிளம்பும்போது சுபேதார் என்னோடு வாசல்வரை வந்தார். அண்ணன் முன்னால் போய் ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மூணாவது சுத்துன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"அவன் சொல்லியிருக்கான்."

"சரி." வாசல் கேட்டின் தாழ்ப்பாளை நிதானமாகப் போட்டார். "பட்டாளத்துல எங்க கம்பெனில ஒரு பையன். சேர்றப்போ குடுத்த பாரத்துல இருந்த கையெழுத்து ஒண்ணு, அவன் போடற கையெழுத்து வேற ஒண்ணு. நான் எதையும் கேக்கல. நல்லா வேலை செஞ்சான்."

ஆட்டோவில் அண்ணன் நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தான். டாக்டரம்மாவின் பாதையில் கிணற்றுப் பக்கம் ஒரு பலகை சாய்ந்திருப்பதாகவும், ரசமட்டம் வைத்துச் சரிசெய்யவேண்டும் என்றும் சொன்னான். அவன் மகள் கேட்டது கிடைத்துவிட்டது.

அடுத்த மூன்று மாதமும் வந்தான். ரசமட்டத்தோடு வந்தான். லாரிகளை வண்டியில் ஏற்றச் சாய்தளம் ஒன்று வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கி, செங்கல் துண்டையும் சிமெண்டையும் வைத்துக் கட்டினான். கோணம் சரியாக வரவில்லையென்று ஒருமுறை இடித்துவிட்டு மறுபடி கட்டினான்.

பிறகு மழைக்காலம். ஒரு மதியம், நான் சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குரல் கம்மியிருந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றான். டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாயிற்று, மாத்திரை சாப்பிடுகிறேன் என்றான்.

"டேய். ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"படுத்துக்கினு கீறேன்ல, அப்போ ஒண்ணு ஞாபகத்துக்கு வந்திச்சி. அதே மாரி நான் படுத்துக்கினு கீறேன். மந்தவெளி வூடு. நீ வந்து எங்கிட்ட காலக் காட்ற. அடிக்காலு பூரா தாரு. அம்மா மண்ணெண்ணெ போட்டுத் தொடைக்குது, எங்கடா போய் மிதிச்சன்னு திட்டிக்கினே. அது எப்போடா?"

நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல நேரமும் இருந்தது.

"நீ சேந்தியே, அந்த வாரம்," என்றேன்.

"எனக்குக் காய்ச்சலா அப்போ?"

"ஆமா."

"அப்போ ஓடனது?"

"நான்தான்ணா."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவன் பக்கமும் அந்தச் சத்தம் கேட்டது. "சரி, வெச்சிட்றேன்," என்றான்.

அந்த மாதக் கூட்டத்துக்கு அவன் வரவில்லை. காய்ச்சல் என்று எல்லாரிடமும் சொன்னேன், அது உண்மையும்கூட. அடுத்த வாரம் மாம்பலம் போனேன். மறுபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆனால் மடியில் ஒரு பழைய தோல்பை. காகிதங்களைப் பிரித்துப் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டான்.

"பதினேழு வருசம் இருந்தது நான்தானே?"

"இன்னா கேள்வி இது? நீதான்."

"பனில வண்டி சறுக்கி, ஒரு நாள் பூரா வண்டியிலயே குந்திக்கினு இருந்தேன். அது நான்தானே? வேற எவனாச்சும் சொல்லிக் கேட்டதா?"

அவன் பயந்திருந்தான். அண்ணி இறந்தபோதுகூட அவனை நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு மைல் தன்னுடையது இல்லையென்றால் மற்ற மைல்களும் இல்லாமல் போகுமோ என்று காகிதம் காகிதமாகத் தேடிக்கொண்டிருந்தான். அந்தப் பனியில் நான் இருந்ததில்லை. எனக்கென்ன தெரியும்?

"நீ லெட்டர்ல எழுதினியே," என்றேன். "கைவெரல் மரத்துப் போச்சு, அதான் கோழிக் கிறுக்கல்னு எழுதியிருந்த. அம்மா அதத் தெருவுல எல்லாருக்கும் படிச்சிக் காட்டுச்சு."

"நெசமாவா?"

"நெசமா."

உண்மைதான். கடிதம் இப்போது இல்லை. ஆனால் அந்தக் கோணல்மாணல் எழுத்து எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவன் காகிதங்களை மெதுவாகப் பைக்குள் வைத்தான். எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தான். குடித்து முடித்த பிறகு சொன்னான்:

"நீ அன்னிக்கே சொல்லிக்கலாம்ல. அத்தினி பேரு முன்னால என்னய பேசவுட்டு வேடிக்கை பாத்தியா?"

"வேடிக்கை பாக்கல. நீ நல்லா சொன்ன. கேட்டுக்கினு இருந்தேன்."

அவன் அதை ஏற்றுக்கொண்டானா இல்லையா என்று தெரியவில்லை. எனக்கே அது முழு உண்மையா என்று தெரியவில்லை. அந்தத் தோட்டத்தில் எனக்கு அவன்மேல் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. ஓடியதோடு என் பங்கு முடிந்துவிட்டது. நான் ஐடிஐ போய்விட்டேன். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்த ஓட்டத்தை வைத்துக்கொண்டு அதனோடு வாழ்ந்தவன் அவன். எத்தனை முகாமில், எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான். நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

தை பிறந்த பிறகு கூட்டம் என் வீட்டு மொட்டை மாடியில். அண்ணன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதல் ஆளாக வந்து, தண்டவாளத்தில் கிடந்த வேப்பிலையைப் பெருக்கினான். டாக்டரம்மா கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் படியேறி வந்தார். பாத்திரக்கடைக்காரர் இரண்டு என்ஜின்களோடு வந்தார். வண்டி ஓட ஆரம்பித்து, பஜ்ஜித் தட்டு சுற்றிவந்தபோது அவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பட்டாளத்துக்கு ஓடுன கதய எல்லாரும் சொல்லுதாங்க. நான் மட்டும் கேக்கல பாத்துக்கிடுங்க. இன்னைக்குச் சொல்லிருங்க."

சுபேதார் பஜ்ஜியைச் சட்னியில் ரொம்பநேரம் தோய்த்தார். நான் என்ஜினை நிறுத்தினேன், நிறுத்த அவசியம் எதுவும் இல்லாமல்.

"ஓடனது நான் இல்ல," என்றான் அண்ணன். "எனக்குக் காய்ச்சல். இவன் ஓடனான்."

பாத்திரக்கடைக்காரர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்போ நீங்க சொல்லுங்கோ. நீங்கதானே ஓடினேள்?"

சொன்னேன். மைதானம், ஐந்து சுற்று, ஷூ, தார். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. விழுந்தவனைப் பற்றிச் சொல்லும்போது அவன் நெட்டையா குட்டையா என்று பாத்திரக்கடைக்காரர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவன் சட்டை நிறம்கூடத் தெரியவில்லை. உண்மையில் நான் சொன்னதில் பாதி, டாக்டரம்மா தோட்டத்தில் அண்ணன் சொல்லிக் கேட்டதுதான். நானாக நினைத்துப் பார்த்தால் எனக்குக் கிடைப்பது நெஞ்சு எரிந்ததும், பக்கத்தில் ஓடியவனின் மூச்சுச் சத்தமும் மட்டுமே. மீதியை அவனிடம் கொடுத்துவிட்டு நான் மறந்துவிட்டிருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை, கை தட்டவில்லை. நல்லாருந்துச்சு என்று பாத்திரக்கடைக்காரர் மரியாதைக்குச் சொன்னார்.

"இர்றா," என்றான் அண்ணன். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "இவனுக்குச் சொல்லத் தெர்ல. கேளுங்க. முந்நூறு பேரு. எல்லாம் வெளியூரு ஆளுங்க, காலு ஒவ்வொண்ணும் உலக்க மாரி கீது. நடுவுல இவன், பதினேழு வயசு, ஒல்லிப்பிச்சான்…"

நான் தண்ணீர்த்தொட்டியின் மேல் உட்கார்ந்து, கடைசிவரை கேட்டேன்.